கடைசி முப்பது லிங்க்

மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் ஜி.பி.எஸ். கருவி எனக்குச் சும்மா கிடைத்தது. சியாட்டிலுக்குக் கிழக்கே இஸகுவாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் போயிங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2006இல் வண்ணத் திரையும் வரைபடமும் கொண்ட புதிய கருவி ஒன்றை வாங்கியதும் பழையதை வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டினார். கூடவே இரண்டு நிபந்தனைகள் போட்டார். மாற்று பேட்டரி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. காகித வரைபடமும் காம்பஸும் இல்லாமல் வீட்டுப் படியையே தாண்டக் கூடாது. "என்றைக்காவது இது செத்துப்போகும். அன்றைக்குத்தான் உனக்கு நிஜமாகவே வழி தெரியாமல் இருக்கும்" என்றார்.

கார்மின் நிறுவனம் 2000இல் வெளியிட்ட அந்தக் கருவியை இன்று பார்ப்பவர்கள் பொம்மை என்று நினைப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஒரு முழுப் பகல் ஓடும். கறுப்பு வெள்ளைத் திரை. விளிம்பில் ஐந்து பொத்தான்கள். வரைபடம் கிடையாது. நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. போக வேண்டிய புள்ளி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில். வந்த வழியைக் காட்டும் ஒரு கோடு. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடக்க வேண்டும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்காவது பிடிபட்டால்தான் உயரத்தோடு சேர்த்து இடம் சொல்லும். பெரியவர் காரை நிறுத்தியதும் கருவியை பானட் மேல் வைத்துவிட்டுக் காலணிக் கயிற்றைக் கட்ட உட்காருவார். கட்டி முடிப்பதற்கும் அது விழித்துக்கொள்வதற்கும் சரியாக இருக்கும்.

ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு எப்படிப் பிறந்தது என்பதை அவர்தான் முதலில் எனக்குச் சொன்னார். 1990களில் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சைகையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். நடுக்கடலில் படகு ஓட்டுபவருக்கு அது போதும். காட்டில் ஒரு குறிப்பிட்ட மரத்தடியைத் தேடுபவருக்கு உதவாது. 2000 மே 1ஆம் தேதி அதிபர் கிளின்டன் அறிவித்து, அன்று நள்ளிரவோடு அந்தக் கலப்படம் நின்றது. கையில் கருவி வைத்திருந்தவர்கள் மறுநாள் எழுந்தபோது, ஒரு காசு செலவில்லாமல், அது பத்து மடங்கு துல்லியமாகியிருந்தது. மே 3ஆம் தேதி ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தின் எண்களை ஊருக்கெல்லாம் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். ஏதாவது எடுத்தால் ஏதாவது வை, நோட்டில் எழுது, விதி அவ்வளவுதான். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பீன்ஸ் டின்னைப் பிற்பாடு ஊர் ஊராக ஊர்வலம் கொண்டுபோனதெல்லாம் தனிக் கதை; பக்தி எங்கே முளைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்ற சியாட்டில்காரர் இந்த விளையாட்டுக்கென்று ஒரு தளத்தைத் தொடங்கினார். ஆகவே நாங்கள் இருந்தது அதன் தலைநகருக்குப் பக்கத்து ஊர். மலைப்பாதையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டப்பா ஒளிந்திருக்கும்.

பெரும்பாலும் அது ராணுவம் கழித்துக்கட்டிய தோட்டாப் பெட்டி. தண்ணீர் புகாது, கரடி கடித்தாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே கையெழுத்துப் போட ஒரு நோட்டு, கட்டைப் பென்சில், பிள்ளைகள் மாற்றி எடுத்துக்கொள்ளச் சின்னச் சின்னப் பொம்மைகள். பெட்டி இருக்கும் இடத்தின் எண்கள் டிகிரியிலும் மினிட்டிலும் வரும். மினிட்டுக்கு மூன்று தசம இலக்கங்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர். திரையில் அந்த எண்ணைப் பார்த்தால், நேரே போய்க் குனிந்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும்.

டைகர் மலையின் காட்டுக்குள் முதல்முறை பெரியவரோடு போனபோது அந்த எண்ணம் போய்விட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குச் சரிவுக் காடு ஈரக் காடு. டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக், சிடார் என்று வானத்தை மூடி நிற்கும் மரங்கள். கீழே இடுப்புயரப் பெரணி. விழுந்து கிடக்கும் அடிமரங்களின் மேல் பாசி, அந்தப் பாசியிலிருந்து முளைத்த அடுத்த தலைமுறை மரங்கள். நனைந்த இலைக்கூரையைத் தாண்டி வருவதற்குள் செயற்கைக்கோளின் சைகை பாதி உயிரை விட்டுவிடுகிறது. தப்பி வருவதிலும் கொஞ்சம் மரத்திலும் பாறையிலும் பட்டுத் தெறித்துச் சுற்றுவழியில் வரும். நேராக வந்ததா சுற்றி வந்ததா என்று அந்தச் சின்னக் கருவியால் எப்போதும் பிரித்தறிய முடியாது. தூரத்தைக் கூட்டிக் கணக்குப்போட்டுவிடும். இதோ பதினெட்டு மீட்டர் என்று காட்டும். நான்கு எட்டு வைத்தால் இருபத்தாறு என்னும். திரும்பி வந்தால் ஒன்பது.

அம்பின் கதை இன்னும் மோசம். என்னுடைய ஈட்ரெக்ஸில் காம்பஸ் கிடையாது. ஒரு கணத்தில் நின்ற இடத்தையும் அடுத்த கணத்தில் நின்ற இடத்தையும் ஒப்பிட்டுத்தான் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்குத் தெரியும். நடந்தால் அம்பு ஒழுங்காக இருக்கும். நின்றால் தன் போக்கில் சுற்ற ஆரம்பிக்கும். டப்பாவை நெருங்க நெருங்க நாம் நடையைக் குறைக்கிறோம். நடை குறையக் குறைய அது உளறுகிறது. மிகவும் தேவைப்படுகிற அந்தக் கட்டத்தில் அம்பைப் பார்த்தபடியே புதருக்குள் வட்டமடிக்கும் மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதிரே வரும் நாய்க்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கியே போவார்கள்.

பெரியவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. டப்பா முந்நூறு மீட்டரில் இடப்பக்கம் இருக்கிறது என்று கருவி சொன்னாலும் அவர் பாதையை விட்டு இறங்க மாட்டார். அம்பு காகம் பறக்கும் வழியைத்தான் காட்டும். நடுவில் ஓடை இருக்கிறதா, முள் இருக்கிறதா என்பது அதன் கவலையில்லை. அங்கே 'டெவில்ஸ் கிளப்' என்று ஒரு செடி, தண்டு இலை எல்லாம் முள். வழுக்கும்போது பிடிப்பதற்கு வசதியான உயரத்தில்தான் அதைப் படைத்திருக்கிறான். பெரியவர் பாதையிலேயே நடந்துகொண்டிருப்பார். அம்பு மெல்ல மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, பாதைக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கும். அங்கே நிற்பார். அங்கிருந்துதான் உள்ளே நுழைவார். அநேகமாக நாற்பது ஐம்பது மீட்டர்தான் மிச்சமிருக்கும்.

இரண்டாவது பழக்கம், பத்து மீட்டருக்குள் வந்ததும் கருவியை ஒரு அடிமரத்தின் மேல் வைத்துவிடுவது. "அதன் வேலை முடிந்தது" என்பார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா பார்ப்பார். எங்கே ஒளித்திருக்கலாம் என்று தேடாமல், எது இங்கே இயல்பாக இல்லை என்று பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. காடு குச்சிகளைத் தாறுமாறாகத்தான் போடும். ஓர் அடிமரப் பொந்தின் வாயில் ஏழெட்டுக் குச்சிகள் ஒரே நீளத்தில், ஒரே திசையில் படுத்திருந்தால் அது மனிதன் கை. அன்றைக்கு அப்படித்தான் கிடைத்தது. கருவி வைத்திருந்த இடத்திலிருந்து பதினோரு தப்படி.

ஆனால் இதை வைத்து அந்தக் கருவியைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. டப்பா தேடும்போது ஏழு மீட்டர் பிசகுவது ஒரு எரிச்சல். பனிவெளியில் ஏழு மீட்டர் என்பது கேட்டதெல்லாம் கிடைத்த மாதிரி.

2007 ஜூலையில் பெரியவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் நானும் ரேனியர் மலையில் கேம்ப் மியூர் வரை ஏறினோம். பாரடைஸ் என்ற இடத்தில், 5,400 அடியில், காரை விட்டுவிட்டு 10,188 அடி வரை நடக்க வேண்டும். பெபிள் கிரீக் என்ற ஓடையைத் தாண்டியதும் பாதை முடிந்து வெறும் பனிச்சரிவு. மியூர் பனிவெளி என்று பெயர். கயிறு வேண்டாம், கோடாலி வேண்டாம், தெளிந்த வானத்தில் யாரும் ஏறலாம். மேகம் இறங்கிவிட்டால் கதையே வேறு. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. நடுவே கோடு கிடையாது. நாம் சாய்ந்து நிற்கிறோமா நேராக நிற்கிறோமா என்பதே பிடிபடாது. இறங்கும்போது வலப்பக்கம் தள்ளிப்போனால் நிஸ்குவாலி பனியாறு, இடப்பக்கம் போனால் பாரடைஸ் பனியாறு. இரண்டிலும் பிளவுகள் உண்டு. அங்கே வழி தவறி இறந்தவர்கள் பலர். அதனாலேயே எந்தக் குறியிலிருந்து எந்தக் குறிக்கு எத்தனை டிகிரியில் நடக்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் ஒரு தாளில் அச்சிட்டுத் தருகிறது.

ஏறும்போது வெயில் கொளுத்தியது. இருந்தும் பெரியவர் பெபிள் கிரீக், மூன் ராக்ஸ், ஆன்வில் ராக் என்று ஒவ்வொரு குறியிலும் நின்று புள்ளி பதிந்தார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. மேலே போய்ச் சாப்பிட்டு எழுந்தபோது கீழேயிருந்து மேகம் ஏறி வந்துவிட்டது.

அந்த இறக்கத்தில் அம்பை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு மெதுவாக நடக்கும்போது அம்பை நம்ப முடியாது. அடுத்த புள்ளி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்ற எண்ணை மட்டும் கருவியிலிருந்து எடுத்துக்கொண்டு அதைக் காம்பஸில் வைத்தோம். ஒருவர் முன்னால் போய்ப் பார்வை மறையும் எல்லையில் நிற்பார். பின்னாலிருந்து காம்பஸ் பிடித்தவர், "இடம், இன்னும் இடம், போதும்" என்று அவரை நிறுத்துவார். பிறகு எல்லோரும் அவர் நிற்குமிடத்துக்குப் போவோம். மறுபடி ஒருவர் முன்னால். காந்த வடக்கும் உண்மை வடக்கும் அந்தப் பக்கம் அப்போது பதினேழு டிகிரி அளவுக்குப் பிரிந்திருந்தன. அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் முந்நூறு மீட்டர் தள்ளிப் போயிருப்போம். பனியாறு அந்தத் தூரத்தில்தான் இருந்தது. தமிழ்நாட்டில் இந்த விலகல் மிகச் சிறியது என்பதால் பள்ளிக்கூடத்தில் காந்த ஊசி வடக்கைக் காட்டும் என்று படித்ததோடு நின்றிருந்தேன். என் கருவியின் பேட்டரி குளிரில் பாதியிலேயே படுத்துக்கொண்டது. பெரியவருடையதில் லித்தியம் பேட்டரி. அதையும் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தார். ஆன்வில் ராக் முதலில் கறுப்பாக ஒரு கறைபோலத் தெரிந்து, பிறகு பாறையானது. நாங்கள் எதிர்பார்த்த பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் பேச்சு வந்தது.

இப்போது இதெல்லாம் கைபேசியிலேயே இருக்கிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் கோபுரம் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். கையுறையோடும் மழையிலும் தொடுதிரையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு என் பதில் புரியும். எனக்கு அதைவிட வேறொரு குறை. கைபேசியில் நாம் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பெரும்பாலும் எதிலும் சந்தேகம் இருப்பதாகத் தெரியாது. பழைய கருவி, இடத்தைச் சொன்ன கையோடு, இதில் ஆறு மீட்டர் கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு மூலையில் எழுதியும் வைத்துவிடும்.

அந்த ஆறு மீட்டரை முதலில் மதித்தவர் என் அப்பா.

அப்பா திருநெல்வேலி மாவட்டத்தில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். காலத்தில் ஊர் ஊராகச் சங்கிலி பிடித்து வயல்களை அளந்தவர். 2008 கோடையில் எங்களிடம் வந்திருந்தார். வந்த சில நாட்களிலேயே மால், அருவி, அணைக்கட்டு எல்லாம் அலுத்துவிட்டன. டைகர் மலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே பஸ் டிரெய்ல் என்று ஒரு தடம் உண்டு. காட்டுக்கு நடுவே துருப்பிடித்த ஒரு பழைய பஸ் கிடப்பதால் அந்தப் பெயர். பஸ் எப்படி இங்கே வந்தது என்று என் மகளும் அப்பாவும் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு வந்தார்கள். அப்பா கருவியைக் கையில் வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்னடே, ஓரத்துல ஆறு மீட்டர்னு போட்டிருக்கு?"

சொன்னேன். ஒரு கணம் உதடு அசைந்தது. அவருக்கு மீட்டர் எல்லாம் லிங்க்காக மாறித்தான் மண்டைக்குள் போகும். குண்டர் சங்கிலியில் நூறு லிங்க், அறுபத்தாறு அடி. ஒரு லிங்க் ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர்.

"முப்பது லிங்க். முப்பது லிங்க் பிழை வச்சு நான் ஒரு ஸ்கெட்ச் குடுத்திருந்தேன்னா மெமோ வந்திருக்கும், தெரியுமா?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா ஒண்ணு. தானே எழுதிக் குடுக்கு பாரு, அது யோக்கியம்" என்றார்.

தடத்தோடு நடந்தோம். அம்பு மெல்லத் திரும்பிச் செங்குத்தாக வந்ததும் பெரியவர் கற்றுக்கொடுத்தபடி நின்றேன். அப்பா என் தோளைப் பிடித்தார். "நில்லு, நில்லு. இது கிராஸ் ஸ்டாஃப் வேலைலா!"

அவர் சொன்னது அப்படியே உண்மை. வயலின் எல்லைக் கல் ஒவ்வொன்றுக்கும் சர்வேயர் நேராக நடந்துபோவதில்லை. நடுவில் ஒரு நேர்கோடு போட்டு அதன்மேல் சங்கிலியைக் கிடத்துவார்கள். கிராஸ் ஸ்டாஃப் என்பது தலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு பார்வைக்கோடுகள் உள்ள கம்பு. அதை ஊன்றி ஊன்றிக் கோட்டின் மேலேயே நகர்வார்கள். ஒரு பார்வையில் கோட்டின் முனை, மறு பார்வையில் கல் தெரிகிற இடத்தில் நின்று, அங்கிருந்து கல்லுக்கு அளந்தால் அது ஆஃப்செட். எஃப்.எம்.பி. என்ற வயல் அளவைப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வயலும் இப்படி வரைந்ததுதான். போயிங் தொழிலாளி ஒருவர் முள்ளுக்குப் பயந்து கண்டுபிடித்துக்கொண்ட வழியும் அப்பாவின் துறை வழியும் ஒன்றாக இருந்ததில் அவருக்குப் பிடிபடாத சந்தோஷம். அதற்குப் பிறகு கருவியை என்னிடம் தரவேயில்லை.

உள்ளே நுழைந்ததும் அவர் மரங்களைப் பார்க்கவில்லை. "வச்சவன் எந்தப் பக்கமா வந்திருப்பான்?" என்று கேட்டார். பெரணிகள் ஒரு கோட்டில் மட்டும் லேசாக மிதிபட்டிருந்ததைக் கைகாட்டினார். எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் தடம். அது போய் முடிந்த அடிமரத்துக்குக் கீழே என் மகள் கைவிட்டு இழுத்தாள். அவள் ஒரு பிளாஸ்டிக் டைனோசரை எடுத்துக்கொண்டாள். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நாலணாவைப் போட்டார். பிறகு நோட்டை வாங்கி, தேதி போட்டு, தமிழில் எழுதினார்: ஸ்தலம் பார்வையிடப்பட்டது. பொருள் உள்ளபடி இருக்கிறது. கீழே முழுக் கையெழுத்து. அடுத்து வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

டப்பாக்களின்மேல் அவருக்கு ஆர்வம் அதோடு தீர்ந்தது. அவரைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. ஒரு மலைப்பாதையின் உச்சியில் பாறையில் பதித்த வெண்கல வில்லை ஒன்றைப் பார்த்துவிட்டார். நடுவில் முக்கோணம், அதற்குள் ஒரு புள்ளி. அருகே இன்னொரு வில்லையில் ஓர் அம்புக்குறி, முதல் வில்லையைக் காட்டியபடி. அமெரிக்கக் கடற்கரை மற்றும் ஜியோடெடிக் சர்வே பதித்த முக்கோண அளவை நிலையம். சுற்றிலும் எழுதியிருந்ததை வாசித்துச் சொன்னேன்: இதைக் கலைத்தால் 250 டாலர் அபராதம் அல்லது சிறை. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஊர்ல முச்சந்திக் கல்லைப் பிடுங்கி மாட்டுத்தொட்டிக்கு முட்டுக் குடுத்திருப்பான். கேட்டா, கல்லா, எந்தக் கல்லுன்னு தலையாரியே கேப்பான்."

இந்த மாதிரிக் குறிகள் அமெரிக்கா முழுக்க ஏழு லட்சத்துக்கும் மேலே பட்டியலில் இருந்தன. ஜியோகேச்சர்கள் டப்பாவோடு இவற்றையும் தேடிப் பதிவு செய்துவந்தார்கள். ஒவ்வொரு குறிக்கும் தேசிய ஜியோடெடிக் சர்வேயிடம் ஒரு தாள் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் அச்செடுத்துத் தந்தார். அந்த அலுவலகத்தின் வேர் 1807இல் ஜெஃபர்சன் தொடங்கிய கடற்கரை அளவையில் இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். அப்பா என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்: "நம்ம நாட்டுப் பெரிய அளவைய ஆரம்பிச்ச லாம்டன் 1802லயே பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டாச்சுன்னு சொல்லு." சொன்னேன். பெரியவர் தொப்பியைக் கழற்றி வைத்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் என் உதவி அதிகம் தேவைப்படவில்லை.

அந்தத் தாள்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சில குறிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கும். கருவியை நம்பிப் போகலாம். வேறு சிலவற்றுக்கு, குறிப்பாக உயரம் பார்க்கப் பதித்த பெஞ்ச்மார்க்குகளுக்கு, உயரம் அவ்வளவு துல்லியமாக இருக்கும்; இடமோ யாரோ வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்து எழுதியதாக இருக்கும். நூறு, இருநூறு மீட்டர்கூடப் பிசகலாம். அங்கே செயற்கைக்கோள் எத்தனை இருந்தும் பிரயோசனமில்லை. தாளின் கீழ்ப்பாதியில் அந்தக் காலத்து அளவையாளர் எழுதிவைத்த விவரம்தான் வழி. எந்த ரயில் நிலையத்திலிருந்து எத்தனை மைல், எந்தப் பாலத்தின் எந்த மூலை, தண்டவாளத்தின் நடுவிலிருந்து எத்தனை அடி, தண்டவாள மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே. சொந்தக் கருத்து ஒரு சொல் இருக்காது. உயர அளவைக் கோடுகள் ரயில் பாதையை ஒட்டியே போனதால் இவற்றில் பாதி ரயிலைப் பற்றியே பேசும்.

ஸ்னோகுவால்மி கணவாய் வழியாகப் போன மில்வாக்கி ரோடு நிறுவனத்தின் ரயில் 1980இல் நின்றுபோயிற்று. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். இப்போது அது நடைபாதை. சைக்கிள்காரர்களும் குதிரைக்காரர்களும் போகிறார்கள். மூவரும் தாளோடு அங்கே போனோம். விவரத்தில் சொல்லியிருந்தபடி ஒரு பாலத்தின் கிழக்கு முனையிலிருந்து மேற்கே ஏழு தந்திக் கம்பம், அங்கிருந்து தண்டவாள நடுவுக்குத் தெற்கே 38 அடி, பாறையில். பாலம் இருந்தது. கம்பம் ஒன்றுகூட இல்லை. கருவி இன்னும் நூற்றிருபது மீட்டர் முன்னால் போ என்றது.

அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மைலுக்கு எத்தனை கம்பம் நடுவார்கள் என்று பெரியவரிடம் கேட்கச் சொன்னார். முப்பத்தைந்து, நாற்பது என்றார் அவர். அப்பா பாலத்தின் முனையில் குதிகாலை வைத்து நடக்க ஆரம்பித்தார். சர்வேயரின் நடை, எண்ணிக்கொண்டே போவது. குறுக்கே யாராவது பேசினால் கோபம் வரும். எண்ணி முடித்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, "நீதான் இப்ப ஏழாவது கம்பம்" என்றார். அந்தப் பெயர் கொஞ்ச நாள் எனக்கு நிலைத்துவிட்டது. என்னைக் கோடாக வைத்துச் செங்குத்தாகத் தெற்கே இறங்கினார். 38 அடி என்றால் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு லிங்க். பாசி மூடிய பாறைகள் நான்கைந்து அடுத்தடுத்து இருந்தன. இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதின் முன் உட்கார்ந்தார். "நான் பதிக்கணும்னா இதுலதான் பதிப்பேன். தலை தட்டையா கெடக்கு, ஸ்டாஃப் வச்சா ஆடாது." குச்சியால் பாசியைத் தள்ளினார். பச்சை பிடித்த வெண்கலத்தின் விளிம்பு தெரிந்தது.

பெரியவர் முட்டி வலியோடு இறங்கி வந்து அதன்மேல் கைவைத்துப் பார்த்தார். 1930களில் பதித்தது. அப்பா தாளை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எழுதினவன் வேலைக்காரன்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த குறி கிடைக்கவில்லை. விவரத்தில் ஒரு சரக்குக் கிடங்கின் மூலை வந்தது. கிடங்கு இருந்ததற்கான அடையாளமே அங்கே இல்லை. சாலைக்காக மண் வெட்டியிருந்தார்கள். மதியம் வரை தேடினோம். பொதுமக்களும் தாங்கள் பார்த்த நிலையை அந்த அலுவலகத்துக்கு அறிக்கையாக அனுப்பலாம். ஜியோகேச்சர்கள் அனுப்புவதற்கென்று தனிக் குறியீடே உண்டு. பெரியவர் காரில் உட்கார்ந்து குறிப்பெழுதத் தொடங்கியதும் நான், மண்ணோடு போய்விட்டது, அழிந்தது என்று எழுதிவிடலாமே என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெயர்ந்த வில்லையையோ படத்தையோ ஆதாரமாகக் காட்டினால் ஒழிய அழிந்தது என்று அந்த அலுவலகம் ஏற்காது. காணப்படவில்லை என்று மட்டும்தான் எழுதலாம் என்றார் பெரியவர். நான் அதை அப்பாவுக்குச் சொல்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"கல்லு இல்லைன்னு நீ எப்படிடே எழுதுவ? எங்களுக்குத் தென்படலைன்னு எழுது. நாளைக்கு வேற ஒருத்தன் வந்து தோண்டி எடுத்தான்னா?"

அப்படியே எழுதினார் பெரியவர். அப்பா பிளாஸ்கிலிருந்த டீயை மூன்று கோப்பையில் ஊற்றிவிட்டு, அடுத்த தாளில் என்ன போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். சுரங்கத்துக்கு மேற்கே 1.3 மைல், ஒரு மதகின் தென்கிழக்கு மூலை. "மதகு கான்கிரீட்டா, கல்லுக்கட்டா?" என்று கேட்டார். கான்கிரீட் என்றேன். "அப்ப இருக்கும். வண்டியை எடு."